பிழைத்திருத்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்

பணியில் புதிதாகச் சேரும் இளம் நிரலாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. லினக்ஸில் இயங்கும் சி, சி++ நிரல்களில் வழுக்களைக் கண்டுபிடிக்க எந்தக் கட்டற்ற கருவி சிறந்தது என்பதே அது. ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்தக் கருவியால் பார்க்கவே முடியாத வகை வழு ஒன்று அடுத்த வாரம் வரும்போது, கருவி சரியில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். ஒரு கருவி எதையெல்லாம் காட்டும் என்பது அதன் முகப்புப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கும். எதைக் காட்டாது, நிரலின் நடத்தையை எவ்வளவு மாற்றிவிடும், அதற்காக நிரலை மீண்டும் கம்பைல் செய்ய (மூலநிரலிலிருந்து இயந்திரக் கட்டளைகளாக மாற்ற) வேண்டுமா, அதைப் பராமரிப்பவர்கள் யார், எந்த உரிமத்தில் வெளியிடுகிறார்கள் என்பவற்றை நாம்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் உண்மையான வேலை இந்தத் தேடல்தான் என்பது என் கருத்து.

முதலில், ஓடும் நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் பிழைத்திருத்தியை எடுத்துக்கொள்வோம். ஜிடிபி என்ற பிழைத்திருத்தியை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்துக்காக எழுதினார். எல்எல்டிபி என்ற இன்னொன்று அதற்கு வெகுகாலம் பின்னர் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் ஒரு பகுதியாக வந்தது. ஆப்பிளின் நிரலாக்கச் சூழலான எக்ஸ்கோடில் இயல்பாக இருக்கும் பிழைத்திருத்தி அதுவே. லினக்ஸில் இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று நடக்கும் வாதங்களில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இரண்டுமே பிடிரேஸ் என்ற சிஸ்டம் காலின் (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிரல் விடுக்கும் கோரிக்கையின்) வழியாகத்தான் மற்றொரு புராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) நிறுத்தி உள்ளே பார்க்கின்றன. இரண்டுமே இயந்திரக் கட்டளைகளை மூலநிரலின் வரிகளோடும் மாறிகளோடும் பொருத்திப் பார்க்கக் கம்பைலர் எழுதிவைக்கும் ட்வார்ஃப் வடிவப் பிழைத்திருத்தத் தகவலைத்தான் படிக்கின்றன. எல்எல்டிபி சி++ கோவைகளைப் புரிந்துகொள்ளக் கிளாங் கம்பைலரையே உள்ளே வைத்திருப்பதால், சிக்கலான டெம்ப்ளேட்டுகள் நிறைந்த நிரல்களில் சில நேரம் கூடுதல் வசதியாக இருக்கும். ஜிடிபி மிகப் பல புராசசர் வகைகளையும், ஃபோர்ட்ரான், அடா போன்ற மொழிகளையும் அறியும்; உட்பொதி கருவிகளோடு தொலைவிலிருந்து பேசுவதிலும் அதற்கு நீண்ட பழக்கம் உண்டு. குனூவின் ஜிசிசி கம்பைலரால் கம்பைல் செய்தால் ஜிடிபி, கிளாங்கையும் மேக் கணினியையும் சார்ந்து வேலை செய்தால் எல்எல்டிபி என்று வைத்துக்கொண்டு மேலே செல்வதே நல்லது.

பிழைத்திருத்தியின் பெயரைவிட, அதற்கு நாம் என்ன தருகிறோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. பிழைத்திருத்தத் தகவல் இல்லாமல் கம்பைல் செய்யப்பட்ட நிரலில் எந்தப் பிழைத்திருத்தியும் வெறும் முகவரிகளைத்தான் காட்டும். தகவலோடு கம்பைல் செய்தாலும், வேகத்துக்கான மேம்படுத்தல் முழுமையாக இருந்தால் நாம் பார்க்க விரும்பும் மாறி ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்ற அறிவிப்போடு மறைந்துபோகும். செயற்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருப்பதால், ஒவ்வொரு வரியாக நகரும்போது நிரல் முன்னும் பின்னும் தாவுவதுபோல் தோன்றும். இதற்காகவே ஜிசிசி 4.8 பதிப்பு முதல் பிழைத்திருத்தத்துக்கு இடம்கொடுக்கும் தனி மேம்படுத்தல் நிலை ஒன்று இருக்கிறது. ஆயினும் வாடிக்கையாளரிடம் செல்லும் நிரல் முழு மேம்படுத்தலோடு செல்லும்போது, வழுவும் அங்கேதான் பிறக்கிறது. எனவே பிழைத்திருத்தத் தகவலை எப்போதும் உருவாக்கித் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாத இடத்தில், எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் அரைப் பயன்தான் கிடைக்கும்.

நம் மொழிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சிறிய செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்துகளைக் கையாளும் நிரலை ஜிடிபியில் நிறுத்தி ஒரு சரத்தை அச்சிடச் சொன்னால், பல வழங்கிகளில் தமிழுக்குப் பதிலாக 340, 256, 225 போன்ற எண்களின் வரிசைதான் வரும். அவை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ‘க’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளை எட்டடிமான (ஆக்டல்) முறையில் எழுதிய வடிவம். சரம் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. முனையத்தின் லோக்கேல் (மொழி, எழுத்துமுறை) அமைப்பு யுடிஎஃப்-8ஆக இல்லாததால் ஜிடிபி பாதுகாப்பாக எண்களை எழுதுகிறது, அவ்வளவுதான். லோக்கேலைச் சரிசெய்து, எழுத்துத்தொகுதியும் யுடிஎஃப்-8தான் என்று ஜிடிபிக்குச் சொல்லிவிட்டால் தமிழ் தமிழாகவே தெரியும். மேலும், ஜிடிபி ஓர் அணியின் முதல் 200 உறுப்புகளோடு அச்சிடுவதை இயல்பாக நிறுத்திக்கொள்ளும். தமிழ்ச் சரத்தில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் என்பதால், ஆங்கிலச் சரத்தில் இரண்டு மூன்று வரி தெரியும் இடத்தில் நமக்கு ஒரு வரிதான் தெரியும்; மீதி தொலைந்துவிட்டதாக நினைத்து இல்லாத வழுவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நினைவக வழுக்களுக்கு வரும்போதுதான் தேர்வு உண்மையிலேயே கடினமாகிறது. இங்கே இரண்டு பெரிய கருவிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றும், ஆனால் செய்யும் விதம் முற்றிலும் வேறு. ஜூலியன் செவார்டு உருவாக்கி 2002இல் வெளிவந்த வால்கிரைண்ட், நிரலை மீண்டும் கம்பைல் செய்யாமலே ஏற்றுக்கொள்ளும். இயந்திரக் கட்டளைகளைத் தானே வாங்கி, இடையிடையே சோதனைகளைச் செருகி, ஒரு செயற்கைப் புராசசரில் ஓட்டுவதுபோல் ஓட்டும். அதன் மெம்செக் கருவி ஒவ்வொரு பைட்டும் அணுகத் தக்கதா என்பதை மட்டுமல்லாமல், அதில் உள்ள ஒவ்வொரு பிட்டுக்கும் மதிப்பு தரப்பட்டிருக்கிறதா என்பதையும் கணக்கு வைத்துக்கொள்கிறது. இதற்கான விலை வேகம். 20 முதல் 30 மடங்கு வரை மெதுவாகும் என்று அதன் கையேடே சொல்கிறது. அதோடு எல்லாத் திரெட்டுகளையும் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளையும்) ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் ஓடவிடும் என்பதால், நேரத்தைப் பொறுத்து வந்துபோகும் வழு அதற்குள் தோன்றாமலே போகலாம்.

கூகுளில் உருவாகி 2012இல் அறிமுகமான அட்ரஸ் சானிடைசர் எதிர்வழியில் செல்கிறது. கம்பைல் செய்யும்போதே சோதனைகளை நிரலுக்குள் புகுத்திவிடுவதால், பொதுவாக இரு மடங்கு அளவே வேகம் குறைகிறது. ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, நினைவகத் துண்டுகளுக்கு இடையே யாரும் தொடக் கூடாத பகுதிகளை விட்டுவைக்கிறது. வயல்களுக்கு நடுவே வரப்பு விடுவதுபோல என்று சொல்லலாம்: வரப்பின்மேல் கால் வைத்தவன் உடனே பிடிபடுவான், ஆனால் வரப்பையே தாண்டிக் குதித்து அடுத்த வயலுக்குள் இறங்கியவன் பிடிபடமாட்டான். அணியின் எல்லையை வெகுதூரம் மீறும் சுட்டெண் இன்னொரு சரியான துண்டுக்குள் போய் விழுந்தால் அட்ரஸ் சானிடைசர் பேசாமல் இருந்துவிடும். மறுபக்கம், செயற்கூறுக்குள் அறிவிக்கப்பட்ட அணியிலும் பொது மாறியாக இருக்கும் அணியிலும் ஓரிரு இடம் எல்லை மீறுவதை அது பிடிக்கும். மெம்செக் அதைப் பிடிக்காது. மதிப்பு தராத மாறியைப் படிப்பதை மெம்செக் பிடிக்கும். அட்ரஸ் சானிடைசர் பிடிக்காது. அதற்கு மெமரி சானிடைசர் என்ற தனிக் கருவி வேண்டும். அது கிளாங்கில் மட்டுமே இருக்கிறது, நம் நிரல் சார்ந்திருக்கும் லைப்ரரிகளையும் அதே முறையில் கம்பைல் செய்யாவிட்டால் பொய்யான எச்சரிக்கைகளைக் கொட்டும்.

ஆகவே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைக் கைவிடுவதாக இந்தத் தேர்வைப் பார்க்கக் கூடாது. என் பழக்கம் இது: தானியங்கிச் சோதனைகள் ஓடும் ஒவ்வொரு முறையும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்த நிரல் ஒன்று ஓடும், இரவில், யாரும் காத்திருக்காத நேரத்தில், வால்கிரைண்ட் ஓடும். மூலநிரல் இல்லாமல் நிரல் மட்டுமே கையில் கிடைத்தால் வால்கிரைண்டைத் தவிர வேறு வழியே இல்லை. ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. அட்ரஸ் சானிடைசரோடு சேர்ந்து வரும் நினைவகக் கசிவுக் கண்டுபிடிப்பான், பிடிரேஸின் கீழ் இயங்கும்போது வேலை செய்யாது. ஜிடிபிக்குள்ளோ, சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸுக்குள்ளோ ஓட்டிவிட்டுக் கசிவு அறிக்கை எங்கே என்று தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கருவி சொன்னதைச் சொன்னபடி நம்பி நடப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் நடந்த ஒன்றைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. மதிப்பு தரப்படாத நினைவகத்தைப் படிப்பதாக, குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் மீது வால்கிரைண்ட் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பொய்யன்று. தற்செயல் எண்களை உருவாக்கும் பகுதியில் ஓரிடத்தில், அழைப்பவர் தந்த வெற்று நினைவகத்தையும் கலவையில் சேர்த்துக்கொள்ளும் வரி உண்மையிலேயே இருந்தது. அந்த வரியை நீக்கினால் பெரிய இழப்பில்லை. இத்தகைய கருவிகளுக்காகவே அதை விட்டுவிட்டுக் கம்பைல் செய்யும் வசதியும் மூலநிரலில் இருந்தது. ஆனால் ஏறத்தாழ அதே தோற்றமுள்ள வரி இன்னோர் இடத்திலும் இருந்தது. அதன் வேலை, வெளியிலிருந்து சேகரிக்கப்படும் தற்செயல்தன்மை முழுவதையும் கலவைக்குள் கொண்டுவருவது. டெபியனின் பராமரிப்பாளர் ஓபன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களிடம் கேட்டும் இருந்தார். ஆயினும் இரண்டு வரிகளும் நீக்கப்பட்டன.

அதன் பிறகு கலவையில் மிஞ்சியது புராசஸ் எண் மட்டுமே. லினக்ஸில் அப்போது புராசஸ் எண்ணின் இயல்பான உச்சவரம்பு 32,768 என்பதால், அந்தத் தற்செயல் எண்களிலிருந்து உருவாகும் ஒவ்வொரு வகைக் குறியாக்கச் சாவிக்கும் சில பத்தாயிரம் சாத்தியங்களே இருந்தன; ஒரு சாதாரணக் கணினியால் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ள முடியும். 2006 செப்டம்பரில் வெளியான அந்தத் தொகுப்பின் குறை 2008 மே மாதம்தான் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் அதை அடியொற்றிய உபுண்டு போன்றவற்றிலும் உருவாக்கப்பட்ட, தொலைக் கணினியில் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளும் சான்றிதழ்களும் பயனற்றுப்போயின. இதில் வால்கிரைண்டின் குற்றம் எதுவும் இல்லை. மதிப்பில்லாத பிட் எங்கே பயன்பட்டது என்பதை மெம்செக் சொல்லும். அது அங்கே ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லும் கடமை அதற்கு இல்லை. வேண்டுமென்றே செய்யப்பட்டதை விலக்கிவைக்க விலக்குக் கோப்பு என்ற வசதி வால்கிரைண்டில் உண்டு. நான் எந்தச் சோதனைக் கருவியை மதிப்பிட்டாலும், அதன் எச்சரிக்கைகளில் ஒன்றை மட்டும் காரணம் எழுதி ஒதுக்கிவைக்க முடியுமா என்று பார்ப்பது இதனால்தான். அந்த வசதி இல்லாத கருவி, எச்சரிக்கையை மறைப்பதற்காகவே நிரலை மாற்றும்படி நிரலாளரைத் தள்ளும்.

எஸ்ட்ரேஸைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1991இல் சன் கணினிகளுக்காகப் பால் கிரானன்பர்க் எழுதி, பின்னர் லினக்ஸுக்கு வந்து, இன்றும் கெர்னலில் சேரும் ஒவ்வொரு புதிய சிஸ்டம் காலையும் உடனுக்குடன் ஏற்று வளர்ந்துவரும் கருவி அது. மூலநிரல் வேண்டாம், பிழைத்திருத்தத் தகவல் வேண்டாம், எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதும் வேண்டாம். நிரல் எந்த அமைப்புக் கோப்பை எங்கெங்கே தேடியது, எந்த வழங்கியோடு இணைய முயன்று எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்பன சில நொடிகளில் தெரிந்துவிடும். ‘என் கணினியில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை’ என்ற வகைப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் புராசஸ் இரண்டு முறை நிறுத்தப்படுவதால் வேகம் கடுமையாகக் குறையும் என்பதையும், ஒரு புராசஸைப் பிடிரேஸ் மூலம் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பின்தொடர முடியும் என்பதால் ஜிடிபி பிடித்திருக்கும் புராசஸில் எஸ்ட்ரேஸ் நுழைய முடியாது என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

நூறு முறை ஓட்டினால் ஒருமுறை மட்டும் தோன்றும் வழுக்களுக்கு மேற்சொன்ன எதுவும் போதாது. இங்கேதான் மொசில்லாவில் ஃபயர்பாக்ஸின் வழுக்களுக்காகப் பிறந்த ஆர்ஆர் என்ற கருவியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நிரலின் ஓர் ஓட்டத்தை முழுமையாகப் பதிவு செய்துவிட்டால், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் அதே ஓட்டத்தை, அதே முகவரிகளோடு, அதே வரிசையில் மீண்டும் ஓட்டலாம். ஜிடிபியின் கட்டளைகளைக் கொண்டே பின்னோக்கியும் செல்லலாம். ஒரு மாறியில் தவறான மதிப்பு இருப்பதைக் கண்டதும், அதன்மேல் ஒரு கண்காணிப்பை வைத்துப் பின்னோக்கி ஓடவிட்டால், அந்த மதிப்பை எழுதிய வரியில் போய் நிற்கும். ஒருநாள் முழுவதும் ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும் அனுபவம் அது. ஆனால் ஆர்ஆர் எல்லாத் திரெட்டுகளையும் ஒரே புராசசர் கோரில் ஓட்டுகிறது. எனவே இரண்டு கோர்கள் உண்மையிலேயே ஒரே நொடியில் மோதும்போது மட்டும் பிறக்கும் வழு பதிவுக்குள் வராமல் போகலாம். திரெட்டுகளை வேண்டுமென்றே கலைத்து ஓட்டும் முறை ஒன்றை அதில் சேர்த்திருப்பது இந்தக் குறையைப் பாதி ஈடுசெய்கிறது. திரெட் மோதல்களுக்கென்றே இருக்கும் திரெட் சானிடைசர் 5 முதல் 15 மடங்கு வரை வேகத்தைக் குறைத்தாலும், இந்த முறை நடக்காத மோதலைக்கூட நடக்கக்கூடியது என்று ஊகித்துச் சொல்லும். அதையும் அட்ரஸ் சானிடைசரையும் ஒரே நிரலில் சேர்த்துக் கம்பைல் செய்ய முடியாது. இரண்டு தனி நிரல்கள்தான்.

வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவி 2009இல் லினக்ஸ் 2.6.31 பதிப்பு முதல் கெர்னலின் மூலநிரலோடே வருகிறது. அதையும் வால்கிரைண்டையும் பற்றிப் பேசும்போது 2024 மார்ச் மாத நிகழ்வைச் சொல்லாமல் விட முடியாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட், டெபியனின் சிட் எனப்படும் நிலைப்படுத்தப்படாத பதிப்பில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, தோல்வியில் முடியும் எஸ்எஸ்எச் நுழைவு முயற்சிகள்கூடப் புராசசரை அளவுக்கு மீறி உறிஞ்சுவதைக் கவனித்தார். முன்பு 0.3 நொடியில் முடிந்தது 0.8 நொடியாகியிருந்தது. பெர்ஃபைக் கொண்டு பார்த்தபோது, அந்த நேரம் சுருக்கக் கோப்புகளுக்கான எக்ஸ்இஸட் லைப்ரரிக்குள், பெயரில்லாத ஓரிடத்தில் செலவாவது தெரிந்தது. சில வாரங்களுக்கு முன் தானியங்கிச் சோதனைகளில் வால்கிரைண்ட் தந்த விளங்காத புகார் ஒன்று அப்போது அவர் நினைவுக்கு வந்தது. எக்ஸ்இஸட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு மறைக்கப்பட்ட பின்கதவு அப்படித்தான் வெளிப்பட்டது. முதல் பதிப்பில் வால்கிரைண்ட் காட்டிய எச்சரிக்கைகளை மறைக்கும் முயற்சியும் இரண்டாம் பதிப்பில் இருந்தது.

பெர்ஃப் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது; செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்த சங்கிலியை அது சரியாகக் காட்ட, நிரல்கள் ஃபிரேம் பாயிண்டரோடு கம்பைல் செய்யப்பட்டிருப்பது பேருதவி. சிறிதளவு வேகத்துக்காகப் பல ஆண்டுகள் அதை விட்டுவந்த லினக்ஸ் வழங்கல்கள் இப்போது திரும்பி வருகின்றன. ஃபெடோரா 38லும் உபுண்டு 24.04லும் அது மீண்டும் இயல்பானதாக ஆக்கப்பட்டது.

எக்ஸ்இஸட் நிகழ்வு பராமரிப்பாளர் பற்றிய கேள்வியையும் எழுப்புகிறது. அந்தத் திட்டத்தை நெடுங்காலம் தன்னார்வமாக ஒருவரே சுமந்துவந்தார்; உதவ வந்தவராகக் காட்டிக்கொண்டவரே ஈராண்டுகளுக்கு மேல் நம்பிக்கையை வளர்த்துப் பின்கதவை வைத்தார். மூலநிரல் திறந்திருந்தது என்பது உண்மை. ஆனால் தாக்குதலைத் தொடங்கும் பகுதி வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது, மூலநிரல் மாற்றங்கள் பதியப்பட்டு, பொதுவில் எல்லாரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. எனவே கட்டற்ற கருவி ஒன்றைப் பரிந்துரைக்கும் முன் அதைப் பிடித்தவர்கள் இட்ட நட்சத்திர எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. கடைசியாக யார் யார் மாற்றங்களைச் சேர்த்திருக்கிறார்கள், வெளியீடு களஞ்சியத்திலிருந்தே உருவாக்கப்படுகிறதா, நம் லினக்ஸ் வழங்கல் அதைத் தானே கம்பைல் செய்து தருகிறதா என்று பார்க்கிறேன். ஜிடிபி, வால்கிரைண்ட், எஸ்ட்ரேஸ் போன்றவை இந்தச் சோதனையில் தேறும். நேற்று வந்து கண்ணைக் கவரும் பல இடைமுகங்கள் தேறா.

உரிமத்தைப் பற்றி அலுவலகங்களில் தேவையில்லாத அச்சமும், தேவையான இடத்தில் அலட்சியமும் ஒருசேரக் காண்கிறேன். வழித்தோன்றல் நிரலையும் அதே உரிமத்தில் வெளியிடக் கோரும் ஜிபிஎல் உரிமமுள்ள ஜிடிபியைக் கொண்டு ஆராய்ந்ததால் நம் நிரல் ஜிபிஎல்லுக்கு உட்பட்டுவிடாது. வால்கிரைண்டும் ஜிபிஎல்தான், ஆனால் நம் நிரலுக்குள்ளேயே சேர்க்க வேண்டியிருக்கும் அதன் தலைப்புக் கோப்பைப் பிஎஸ்டி வகை உரிமத்தில் தனியே தந்திருக்கிறார்கள். சானிடைசர்களின் இயக்கநேரப் பகுதி நம் நிரலோடு இணைக்கப்படுவதால் அதன் உரிமத்தைப் படிப்பது நியாயம். எல்எல்விஎம் திட்டத்தில் அது அப்பாச்சி 2.0, சில விலக்குகளோடு. கவலைப்பட வேண்டியது வேறிடத்தில். மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டரின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்திருந்தாலும், அந்நிறுவனம் தரும் சி++ நீட்சியை அதன் சொந்த எடிட்டர்களோடு மட்டுமே பயன்படுத்த உரிமம் இடம் தருகிறது. அந்நிறுவனத்தின் டாட்நெட் கோர் பிழைத்திருத்திக்கும் இதே கட்டுப்பாடு இருந்ததால், 2017இல் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் தன் ரைடர் எடிட்டரிலிருந்து அந்த வசதியைச் சிறிது காலம் எடுத்துவிட நேர்ந்தது. அதே வேலைக்காகச் சாம்சங் எழுதிய நெட்கோர்டிபிஜி எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது.

இலவசம் என்பதும் கட்டற்றது என்பதும் வேறு என்பதற்கு லினக்ஸ் கெர்னலின் வரலாறே சாட்சி. 2002 முதல் கெர்னல் உருவாக்குநர்கள் மூலநிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியை விலையின்றிப் பயன்படுத்திவந்தார்கள். 2005இல் அந்தச் சலுகை திரும்பப் பெறப்பட்டதும், லினஸ் டோர்வால்ட்ஸ் அதே ஆண்டு ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். பிட்கீப்பர் 2016இல் அப்பாச்சி உரிமத்தில் திறக்கப்பட்டபோது அதைத் தேடி வருவோர் அநேகமாக யாரும் இல்லை. கிட்டில் இருக்கும் பைசெக்ட் கட்டளையையும் பிழைத்திருத்தக் கருவியாகவே எண்ணுகிறேன்: ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவே வழுவைக் கொண்டுவந்த ஒன்றை ஏறக்குறைய பத்துச் சோதனைகளில் அது பிரித்துத் தந்துவிடும். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே கம்பைல் ஆகும் நிலையில் இருந்தால்தான் அது உதவும் என்பது மட்டுமே நிபந்தனை.

பிழைத்திருத்தியும் எடிட்டரும் பேசிக்கொள்வதற்கான டிபக் அடாப்டர் நெறிமுறை பொதுவானது என்பதும், 2023 டிசம்பரில் வந்த ஜிடிபி 14 முதல் ஜிடிபியே நேரடியாக அதைப் பேசுகிறது என்பதும் எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஒரே குழுவில் ஒருவர் விம்மையும் மற்றவர் வேறோர் எடிட்டரையும் வைத்துக்கொண்டு, அடியில் அதே ஜிடிபியையே பயன்படுத்தலாம். உரிமக் கட்டுப்பாடுள்ள நீட்சி எதுவும் நடுவில் தேவையில்லை.

கடைசியாக, கருவியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கேட்க வேண்டியதும் பலர் கேட்க மறப்பதும் ஒன்று: வழு தோன்றும் இடத்தில் அந்தக் கருவிக்கு அனுமதி உண்டா? உபுண்டுவில் இயல்பான பாதுகாப்பு அமைப்பின்படி, தான் தொடங்காத புராசஸைச் சாதாரணப் பயனர் ஜிடிபியால் பிடிக்க முடியாது. கன்டெய்னர் என்ற தனித்த இயங்குசூழலுக்குள் பிடிரேஸ் அனுமதி தனியே தரப்பட வேண்டியிருக்கலாம். மேகக் கணினிகள் பலவற்றில் புராசசரின் அளவீட்டு எண்ணிகள் மறைக்கப்பட்டிருப்பதால் ஆர்ஆர் ஓடவே ஓடாது, பெர்ஃபும் பாதிதான் காட்டும். இவை எதுவும் கிடைக்காத வழங்கியில் நமக்கு மிஞ்சுவது, நிரல் வீழ்ந்தபோது அதன் நினைவக நிலையைக் கொண்டு எழுதப்பட்ட கோர் கோப்பு ஒன்றுதான். அது எழுதப்படும்படி முன்பே அமைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிரலுக்குள்ளும் பதியப்படும் பில்ட் ஐடியைக் கொண்டு, அந்தக் கோர் கோப்புக்கு உரிய பிழைத்திருத்தத் தகவலைத் தேடி எடுத்துத் தரும் டிபக்இன்ஃபோடி என்ற வழங்கி 2019 முதல் எல்ஃப்யுடில்ஸ் தொகுப்போடு வருகிறது. ஃபெடோரா, டெபியன், உபுண்டு ஆகியவை தம் தொகுப்புகளுக்கு இத்தகைய வழங்கிகளை நடத்துகின்றன. நம் சொந்த நிரல்களுக்கும் அலுவலகத்துக்குள் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம், ஜிடிபி அதன் முகவரியை ஒரு சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.